யாழ்ப்பாணத்துப் பழைய இயந்திரங்களும் எண்ணெய்த் தேர்வும்

இயங்குவன யாவும் தேய்வன. ஒன்றோடொன்று உராயும் இரு பரப்புக்களுக்கிடையே மூன்றாவது பொருளொன்று நின்று அவற்றைப் பிரித்து வைத்தாலன்றி, எத்துணை வலிய இரும்பும் நெடுங்காலம் நிலைக்கமாட்டாது. அம் மூன்றாவது பொருளே எண்ணெய். இயந்திரத்தை ஆக்கியோர் பெயரை உலகம் போற்றுகின்றது; அவ்வியந்திரத்தை நாற்பது ஐம்பது ஆண்டுகள் ஓடச் செய்த எண்ணெயைப் பற்றி எண்ணுவோர் மிகச் சிலரே. ஆயின், புதிய இயந்திரம் எளிதிற் கிடையாத நாட்டில், உள்ள இயந்திரத்தைக் காத்துக்கொள்ளும் அறிவும் ஒரு செல்வமேயாகும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அண்மைக்கால வரலாறு இதற்குத் தக்க சான்று. எவ்வெண்ணெய் எவ்வியந்திரத்துக்கு உரியது என்னும் வினா இங்கே கராஜ்களுள் மாத்திரம் அடங்கிக் கிடந்ததன்று. தோட்டத்துக்கு நீர் பாயுமா, நோயாளி உரிய வேளையில் வைத்தியசாலையை அடைவாரா என்பனவும் அதனோடு பிணைந்திருந்தன. அவ்வரலாற்றையும் அது புகட்டும் பாடத்தையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எண்ணெயைத் தெரிந்து இடும் வழக்கம் மோட்டார் வண்டியோடு வந்ததன்று. மாட்டுவண்டியின் அச்சுக்கு மசகிடுதல் நம் முன்னோர் நன்கறிந்த செயல். வைக்கோலைக் கருக்கி, அக்கரியை எண்ணெயிற் குழைத்துச் செய்யப்படுவது வண்டி மசகு. எண்ணெயைத் தனியே இட்டால் அது வழிந்தோடிவிடும். கரியோ அதனைப் பிடித்து நிறுத்தும். பாரஞ் சுமந்து மெல்ல உருளும் அச்சுக்குத் தடித்த மசகு. விரைந்து இயங்கும் தையல் இயந்திரத்துக்கு மெல்லிய எண்ணெய். பாரம், வேகம், வெப்பம் ஆகிய மூன்றையும் நோக்கி எண்ணெயின் தடிப்பைத் தெரிய வேண்டும் என்னும் விதி இவ்வேறுபாட்டினுள்ளே அடங்கியிருத்தல் காண்க. அத்தடிப்பையே விஞ்ஞான நூலார் பாகுநிலை என்பர். நம் நாட்டார் நன்கறிந்த ஆமணக்கெண்ணெய் மேனாட்டிலும் மதிப்புப் பெற்றது. முதலாம் உலகப் போர்க்காலத்து விமானங்கள் பலவற்றின் இயந்திரங்கள் அதனைக் கொண்டே ஓடின; காஸ்ட்ரோல் என்னும் வாணிகப் பெயரும் ஆமணக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரினின்று பிறந்ததே. ஆயினும், தாவர எண்ணெய்கள் பல பெருவெப்பத்தில் நாளடைவில் தடித்துப் பிசின்போலாகிவிடும். ஆதலின், நாடோறும் மணிக்கணக்காக உழைக்கும் இயந்திரங்களுக்குக் கனிய எண்ணெயே உரியதாயிற்று.

குடாநாட்டினுள் இயந்திரங்கள் புகுந்த வரலாறு இனி நோக்கத்தக்கது. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரையும் தொடர்ச்சியான புகையிரதப் போக்குவரவு 1905இல் தொடங்கியது. அது நீராவியின் காலம். அரை நூற்றாண்டு கழிந்தபின் டீசல் இயந்திரம் அவ்விடத்தைப் பிடித்தது. கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா வழங்கிய டீசல் இயந்திரங்கள் 1954இல் இலங்கைக்கு வந்தன; ‘ஒன்ராறியோ’ முதலாய கனடிய மாகாணங்களின் பெயர்கள் அவற்றிற்குச் சூட்டப்பட்டன. 1956இல் ‘யாழ்தேவி’ கடுகதிப் புகையிரதம் ஓடத் தொடங்கியது.

தரையிலும் கடலிலும் இம்மாற்றம் ஒருங்கே நிகழ்ந்தது. குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மழைநீர் சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புக்களூடே இறங்கி நிலத்தின்கீழ்த் தங்குகின்றது. அந்நீரைக் கிணற்றினாற் பெற்று வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைவிப்பதே கமக்காரர் தொழில். ஒருவர் துலா மிதிக்க மற்றொருவர் பட்டையால் இறைத்த நிலைமை மாறி, 1950கள் தொடக்கம் நீரிறைக்கும் இயந்திரங்கள் தோட்டந்தோறும் ஒலிக்கலாயின. அப்பத்தாண்டின் பிற்பகுதியில் மீன்பிடித் தொழிலிலும் டீசல் இயந்திரம் பூட்டிய மூன்றரைத் தொன் வள்ளங்கள் புகுந்தன. 1958 சனவரி 1ஆந் திகதி பஸ் சேவைகள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியது. இலண்டன் வீதிகளில் ஓடிக் கழிந்த இரட்டைத் தட்டு பஸ்களை அச்சபை நூற்றுக்கணக்கில் வாங்கியது. பழைய இயந்திரத்தைப் பேணும் கலை நாடு முழுவதற்கும் வேண்டியதொன்றாயிற்று என்பது இதனாற் புலனாகும்.

1960களில் அந்நியச் செலாவணி முட்டுப்பாடு நேர்ந்தபோது வாகன இறக்குமதி கடுமையாக மட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் பொருளாதாரக் கொள்கை மாறும்வரை, ஒஸ்ரின், மொறிஸ், பெட்போர்ட், கொமர், லேலண்ட் முதலிய பிரித்தானிய வண்டிகளே திரும்பத் திரும்பப் பழுது பார்க்கப்பட்டு ஓடின. ஷெல், எஸ்ஸோ, கால்டெக்ஸ் என்னும் கம்பனிகளின் கையிலிருந்த எண்ணெய் வாணிகமும் இக்காலத்திலேயே மாறியது. 1961ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. 1964இல் எரிபொருள் விநியோகம் முழுவதும் அதன் வசமாயிற்று. வண்டியின் கைந்நூலில் ஆக்கியோன் குறித்த கம்பனிப் பெயர் கடையிற் காணப்படாதபோது, பெயரை விட்டுக் குணத்தை நோக்க வேண்டிய தேவை எழுந்தது. அக்குணங்கள் எவை என்பதை அறிதற்கு டீசல் எண்ணெயின் பிறப்பை ஒருசிறிது அறிதல் வேண்டும்.

பெற்றோல் இயந்திரத்திலும் டீசல் இயந்திரத்திலும் எண்ணெய் செய்யும் பணி முற்றும் ஒன்றன்று. டீசல் எரியும்போது நுண்ணிய புகைக்கரி மிகுதியாகத் தோன்றும்; டீசலிலுள்ள கந்தகம் எரிந்து ஈரத்தோடு கூடி அமிலமாகும். கரியும் அமிலமும் முசலத்தின், அஃதாவது பிஸ்டனின், வளையங்களைக் கடந்து கீழேயுள்ள எண்ணெயிற் சேரும். 1930களில் அமெரிக்காவில் டீசல் உழவு இயந்திரங்கள் பெருகியபோது, அதுகாறும் குறையின்றிப் பயன்பட்ட வெற்றெண்ணெயை இட்டவிடத்து, வளையங்கள் தம் காடிகளிற் பிசினேறி ஒட்டிக்கொண்டன. இதற்குப் பரிகாரமாக, அழுக்கை அகற்றும் உலோகச் சேர்மானங்கள் அப்பத்தாண்டின் நடுப்பகுதியில் எண்ணெயிற் கலக்கப்படலாயின. கனதி உழைப்புக்குரிய எண்ணெய் என்று ஒரு தனி இனம் பிறந்தது அப்பொழுதே.

இவ்வெண்ணெய் மூன்று தொழில்களைப் புரிகின்றது: அழுக்கைக் கழுவுதல், கழுவிய கரியைத் திரளவிடாது மிதக்கச் செய்தல், அமிலத்தைத் தன் மூலத்தன்மையால் முறித்தல். டீசல் எண்ணெய் ஊற்றிச் சிலநாட்களுக்குள் கறுத்துவிடுதல் கண்டு அது கெட்டதென்று கருதுவோர் உளர். உண்மை அதற்கு மறுதலையானது. கரியைச் சுமந்தமையாலேயே அது கறுத்தது. கறுக்காதிருக்குமாயின் கரி எஞ்சினின் உள்ளே படிகின்றதென்பது பொருள்.

எண்ணெயை வகுத்துப் பெயரிடும் முறைகள் இரண்டு. தடிப்பைக் குறிப்பது எஸ்.ஏ.ஈ. இலக்கம், அது 1911இல் அமெரிக்க மோட்டார்ப் பொறியியலாளர் சங்கத்தினால் வகுக்கப்பட்டது. தரத்தைக் குறிப்பது அமெரிக்கப் பெற்றோலியக் கழகத்தின் வகுப்பு. 1947இல் அக்கழகம் எண்ணெய்களைச் சாதாரணம், உயர்தரம், கனதி உழைப்பு என மூன்றாகப் பிரித்தது. 1952இல் டீசலுக்கு டீ.ஜீ., டீ.எம்., டீ.எஸ். என்னும் குறிகள் வந்தன. 1970இல் அவை சீ.ஏ. முதல் சீ.டீ. வரையான குறிகளாக மாற்றப்பட்டன. அதன்பின் படிப்படியாக உயர்ந்து, 2016 திசெம்பரில் சீ.கே.-4, எப்.ஏ.-4 என்னும் வகுப்புக்கள் நடைமுறைக்கு வந்தன. ஆகவே, ஒரு பழைய எஞ்சினின் கைந்நூல் டீ.ஜீ. எண்ணெய் என்று கூறுமாயின், அது 1950களின் மொழி. அதனை இன்றைய மொழிக்குப் பெயர்க்கத் தெரிந்தவரே பொருத்தமான எண்ணெயைத் தெரிய வல்லவர்.

புதியதே எப்பொழுதும் சிறந்தது என்னும் எண்ணம் இவ்விடத்துத் தவறாகும். முன்னர்க் கூறிய கனடியப் புகையிரத இயந்திரமே இதற்கு நல்ல உதாரணம். ஜெனரல் மோட்டர்ஸ் வகுத்த அவ்வெஞ்சின் பன்னிரண்டு உருளைகளையும் 1425 பரிவலுவையும் உடையது. முசலத்தை அதன் தண்டோடு இணைக்கும் ஆணி தங்கும் போதிகைக்கு அவ்வினத்து எஞ்சின்களில் வெள்ளி பூசப்பட்டிருந்தது. பஸ், லொறி ஆகியவற்றுக்குரிய எண்ணெய்களில் தேய்வைத் தடுத்தற்பொருட்டுத் துத்தநாகமும் பொசுபரசும் அடங்கிய சேர்மானம் இடப்படுதல் வழக்கம். இரும்புக்கு நண்பனாகிய அச்சேர்மானம் வெள்ளியை அரித்துக் கெடுக்கும். ஆதலின், அவ்வியந்திரங்களுக்குத் துத்தநாகம் சேராத தனி எண்ணெய் வேண்டியதாயிற்று. லொறிக்குச் சிறந்த எண்ணெய் புகையிரதத்துக்கு நஞ்சாகும் என்பது விந்தையன்றோ? எஞ்சின் எவ்வுலோகத்தால் ஆயது என்பதை அறியாது, எண்ணெயின் விலையையும் விளம்பரத்தையும் மாத்திரம் நோக்குவோர் கெடுதியைப் பணங்கொடுத்து வாங்குவோராவர்.

இவ்வறிவு கடுஞ் சோதனைக்குள்ளான காலம் 1990இன் பின்னர் வந்தது. அவ்வாண்டு யூன் மாதம் போர் மீண்டும் மூண்டது, வடபகுதிப் புகையிரதம் நின்றது, மின்விநியோகம் அற்றது, பெற்றோல், டீசல் முதலியவற்றைக் குடாநாட்டினுள் கொண்டுவருதல் தடைசெய்யப்பட்டது. மண்ணெண்ணெய் மாத்திரமே மட்டுப்பட்ட அளவிற் கிடைத்தது. பிற்காலத்து வண்டிகள் முடங்கின. பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களோ ஓடின. அதற்குக் காரணம் அவற்றின் தாழ்ந்த அமுக்க விகிதமாகும். சில துளி பெற்றோலை விட்டு இயக்கி, எஞ்சின் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவதே வழக்கமாயிற்று. மாப்பிள்ளையும் நோயாளியும் பிரேதமும் ஒரே காரிற் சென்ற காலம் அது.

ஆயின், மண்ணெண்ணெயில் ஓடுதலுக்கு ஒரு விலை உண்டு. அவ்விலையைச் செலுத்தியது இயந்திர எண்ணெயே. மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல எளிதில் ஆவியாவதன்று. எரியாது எஞ்சிய பகுதி உருளையின் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, எண்ணெய்த் தொட்டியிற் கலக்கும். அளவுகோலை இழுத்துப் பார்ப்பவருக்கு எண்ணெய் குறையாது நிற்பதுபோலத் தோன்றும். சிலவேளை ஏறியும் காணப்படும். அனுபவமில்லாதவர் அதனைக் கண்டு மகிழ்வர். கைதேர்ந்த மெக்கானிக்கோ ஒரு துளியை விரல்களுக்கிடையே தேய்த்து, மணந்து, எண்ணெய் நீர்த்துவிட்டதென்று அறிவார். நீர்த்த எண்ணெய் போதிகையின் பாரத்தைத் தாங்கமாட்டாது. ஆகவே, மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினுக்கு எண்ணெயை வழமையிலும் விரைவில் மாற்ற வேண்டும். எண்ணெய் அரிதாயிருந்த அக்காலத்திலேயே அதனை அடிக்கடி மாற்றவேண்டிய தேவையும் நேர்ந்தது. அக்காலத்து யாழ்ப்பாணத்தவர் எதிர்நோக்கிய இக்கட்டு இத்தகையது.

டீசல் எஞ்சின்களின் இடர் வேறுவகையானது. டீசலுக்குத் தன்னியல்பாகவே சிறிது வழுவழுப்பு உண்டு. எரிபொருளைப் பீச்சும் பம்பியின் நுண்ணிய உறுப்புக்களைக் காப்பது அவ்வழுவழுப்பே. வரிசைப் பம்பிகளின் அடிப்பகுதிக்குத் தனியே எண்ணெய் உண்டு. சுழல் பம்பிகளோ முற்றிலும் எரிபொருளையே நம்பியவை. மண்ணெண்ணெயை மாத்திரம் ஊற்றினால் அவை விரைவில் தேயும். மண்ணெண்ணெயுடன் சிறிதளவு எண்ணெயைக் கலத்தல் இதற்குரிய பரிகாரமாகும். மெல்லிய எரிபொருளுக்குத் தடிப்பையும் வழுவழுப்பையும் ஊட்டுவதே அதன் தத்துவம். 1900இல் பாரிஸ் நகரப் பொருட்காட்சியில் டீசல் எஞ்சினொன்று நிலக்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டப்பட்டமை இங்கு நினைவுகூரத்தக்கது. எனினும், எரிபொருளாக ஏற்கத்தக்க தாவர எண்ணெய், எண்ணெய்த் தொட்டியில் ஊற்றத்தக்கதன்று என்பதை மறத்தலாகாது.

2002இல் ஏ-9 வீதி திறக்கப்பட்டது. 2006இல் மூடப்பட்டு, 2009இல் போர் முடிந்தபின் மீண்டும் திறந்தது. 2014 ஒற்றோபரில் புகையிரதம் யாழ்ப்பாணத்தை மறுபடியும் அடைந்தது. கடைகளில் எண்ணெய் வகைகள் குவிந்தன. எனினும், பழைய எஞ்சின்களின் காலம் கழிந்துவிடவில்லை. 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணி முட்டுப்பாட்டால் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது 2025இன் தொடக்கத்திலேயே. அவ்வைந்தாண்டுகளும் உள்ள வண்டியையே காத்துக்கொள்ளும்படி நாட்டவரை வற்புறுத்தின. அன்று அருமையினால் எழுந்த இடர் இன்று மிகுதியினால் எழுகின்றது. பத்துப் பேணிகளுள் எதனை எடுப்பது என்பதே இன்றைய வினா.

அவ்வினாவுக்கு வரலாறு தரும் விடைகள் சில. முதலாவது, தடிப்பு. குடாநாட்டில் வெப்பநிலை 20 பாகை செல்சியசிற்குக் கீழே இறங்குதல் அரிது. 15டபிள்யூ-40 என்னும் பெயரின் முற்பகுதி குளிர்நாட்டாரின் விடியற்காலையை நோக்கியது. எஞ்சின் சூடேறியபின் அதுவும் வெறும் 40ஆம் இலக்க எண்ணெயும் ஒரே வரம்பிலேயே நிற்கும். ஆதலின், கைந்நூல் 30 அல்லது 40 என்று ஒற்றை இலக்கங் கூறும் பழைய எஞ்சினுக்கு அதனையே இடுதல் குறையாகாது. தேய்ந்த எஞ்சினுக்கு ஒருபடி தடித்த எண்ணெய் சிறிது உதவலாம். ஆயின், மிகத் தடித்ததை ஊற்றுதல் தேய்வுக்கு மருந்தாகாது. இயக்கும் வேளையில் அது மேலுறுப்புக்களைச் சென்றடையத் தாமதிக்கும்.

இரண்டாவது, வகுப்பு. சீ.கே.-4 எண்ணெய் முன்னைய வகுப்புக்களுக்கு ஈடாகும் என்பது அதனை வகுத்தோர் கருத்து. எப்.ஏ.-4 அத்தகையதன்று, எரிபொருட் சிக்கனத்தின்பொருட்டு மெலிதாக்கப்பட்ட அது பழைய எஞ்சினுக்கு ஆகாது. 2006இன் சீ.ஜே.-4 தொடக்கம் எண்ணெயின் சாம்பலளவு மட்டுப்படுத்தப்பட்டமை புகைபோக்கியில் வடி பூட்டிய புதிய வண்டிகளையும், கந்தகம் மிகக் குறைந்த டீசலையும் நோக்கியது. அவ்வடியில்லாத பழைய எஞ்சினுக்கு சீ.எச்.-4, சீ.ஐ.-4 என்பன போதியவை. கந்தகம் கூடிய டீசலைப் பயன்படுத்துவோர் மூலத்தன்மை மிக்க எண்ணெயைத் தெரிந்து, மாற்றுங் காலத்தையும் குறுக்குதல் வேண்டும். பழைய பெற்றோல் கார் வைத்திருப்போர் பலர் டீசல் எண்ணெயை விரும்புவதற்கும் காரணம் உண்டு. புதிய பெற்றோல் எண்ணெய்களில் பொசுபரசின் அளவு குறைக்கப்பட்டுள்ளது. டீசல் எண்ணெயில் அது சற்றுக் கூடுதலாயிருப்பதால் பழைய எஞ்சின்களின் வால்வு தள்ளும் உறுப்புக்களுக்கு நற்காப்பு அளிக்கும்.

மூன்றாவது, எஞ்சினின் வரலாறு. நெடுங்காலம் வெற்றெண்ணெயில் ஓடிய எஞ்சினுள் அழுக்கு படிந்து கிடக்கும். கழுவும் தன்மையுள்ள எண்ணெயைத் திடீரென ஊற்றின், அவ்வழுக்குப் பெயர்ந்து எண்ணெய்க் குழாய்களை அடைக்கக்கூடும். இயலுமாயின் தொட்டியைக் கழற்றித் துப்புரவு செய்தல் வேண்டும். இன்றேல், புதிய எண்ணெயைச் சிறிது காலமே ஓடவிட்டு, வடியோடு சேர்த்து மாற்றுதல் வேண்டும். எஞ்சின் எவ்வாண்டிற் பிறந்தது, எவ்வுலோகத்தால் ஆயது, எவ்வெரிபொருளில் ஓடுகின்றது, எவ்வெண்ணெயில் வளர்ந்தது என்னும் நான்கு வினாக்களுக்கும் விடை கண்டபின்னரே பேணியின் பெயரை நோக்குதல் முறை.

இவற்றோடு ஐந்தாவது வினாவொன்றும் உண்டு: வடித்த எண்ணெய் எங்கே செல்கின்றது? கழிவொயிலை மரத்திற் பூசிக் கறையானைத் தடுத்தல் நம்மிடையே பழகிய வழக்கம். எஞ்சியது வேலியோரத்தில் ஊற்றப்படுதலும் காண்கின்றோம். வேறு நாட்டில் இது சிறு பிழையாகலாம். குடாநாட்டிலோ பெரும் பிழை. ஒரு பங்கு கழிவெண்ணெய் பத்து இலட்சம் பங்கு நன்னீரைக் கெடுக்க வல்லது என்பது அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனத்தின் கூற்று. இங்கே மண்ணின்கீழ் உள்ளது வெடிப்புக்கள் நிறைந்த சுண்ணாம்புக்கல். அதனுள் உள்ளது நாம் அருந்தும் நீர். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த துயரம் யாவரும் அறிந்தது. மின் உற்பத்தி நிலையத்தின் கழிவெண்ணெய் தொடர்பான அவ்வழக்கில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் இரண்டு கோடி ரூபா நட்டஈடு செலுத்துமாறு கட்டளையிட்டது. பணத்தைச் செலுத்தலாம், பாறையினுள் இறங்கிய எண்ணெயை மீட்டல் எளிதன்று.

நீரிறைக்கும் இயந்திரம் கிணற்றின் அருகிலேயே நிற்கின்றது என்பதைக் கமக்காரரும், அவர்தம் மக்களாகிய மாணவரும் நினைவிற் கொள்ளல் வேண்டும். எந்த இயந்திரத்தைக் கொண்டு நீர் பெறுகின்றோமோ, அதன் எண்ணெயே அந்நீரைக் கெடுக்க நாம் விடலாகாது. எண்ணெயை மாற்றும் நாளில் பழையதை மூடியுள்ள கலத்திற் சேர்த்து, கழிவெண்ணெய் சேகரிப்போரிடம் ஒப்படைத்தல் சிறு உழைப்பே. போர்க்காலத்தில் ஒரு துளி எண்ணெயையும் வீணாக்காது பேணிய சமுதாயம், அமைதிக்காலத்தில் அத்துளி கிணற்றைச் சேராது காத்தலும் இயலாததன்று. பொருத்தமான எண்ணெயை இடுதலும், இட்டதை உரிய இடத்திற் சேர்த்தலும் ஒரே அறிவின் இரு பகுதிகள். அவ்வறிவைப் பழைய மெக்கானிக்குகளின் கைகளோடு மறையவிடாது, பாடசாலைப் பட்டறைகளிற் பயிற்றி அடுத்த தலைமுறைக்கு அளித்தல் கற்றோர் கடன்.